முகத்தில் விழும் வெயில்

“இன்னைக்கும் முகம் கறுப்பாத்தான் வந்திருக்கு மாஸ்டர்” என்றார் வேதகிரி.

ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். கோவளம் கடற்கரையில் கேமரா முக்காலியை ஊன்றி நிற்பது இது பதினேழாவது விடியல். அலுத்துப் போயிருந்தார்.

மாஸ்டர் என்று அவர் கூப்பிட்டது அஞ்சலையை. அவளுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. ஆனால் அலைச்சறுக்கைப் படமெடுப்பதில் அந்தக் கரையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அலைமேல் பலகையில் நின்று வந்துகொண்டிருந்தவள் வேதகிரியின் மகள் வைதேகி. கடலுக்குப் பயந்து அவளுடைய முதல் பலகையை உடைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அவள் அவரிடம் பேசுவதில்லை. நாளை கோவாவுக்கு வேலைக்குப் போகிறாள்.

போவதற்குள் முகம் தெரிகிற படம் ஒன்றாவது வேண்டும். வீட்டில் அந்த முகம் அவர் பக்கம் திரும்புவதே இல்லை.

“வெயில் எந்தப் பக்கம்ணே வருது?”

“கடல் பக்கம்.”

“அவ?”

“கரையப் பாத்து வர்றா. வெளிச்சமெல்லாம் முதுகுல. சாயங்காலம் எடுக்கலாம்னா காத்து ஏறி அலையே கலைஞ்சு போவுது. நான் என்னதான் பண்றது?”

கல்யாண மண்டபமாக இருந்தால் “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா” என்று மணப்பெண்ணை விளக்குப் பக்கம் திருப்பியிருப்பார். நேற்று பழக்க தோஷத்தில் அப்படியே கத்தியும் பார்த்தார். அலையும் திரும்பவில்லை, மகளும் திரும்பவில்லை.

அஞ்சலை முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்றித் துண்டில் சுற்றி மணலில் வைத்தாள். தன் பெரிய பலகையைத் தண்ணீரில் தள்ளினாள்.

“குப்புறப் படுங்க.”

“எனக்கு நீச்சல் தெரியாது மாஸ்டர்.”

“நான் புடிச்சிக்கிறேன்.”

மூன்று அலைகள் அவர் தலைமேல் உடைந்தன. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. இந்த வயதில் இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் கடல் சாதுவாகிவிட்டது. அஞ்சலை பலகையைக் கரைப்பக்கம் திருப்பினாள். இப்போது சூரியன் அவர் முதுகில் இருந்தது.

கரை வரை போன வைதேகி, அடுத்த அலைக்காகப் பலகையில் படுத்துக் கையால் துழாவியபடி கடலுக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். தினமும் இப்படித்தான் வந்திருப்பாள். அந்த நேரத்தில் அவர் கரையில் குனிந்து, எடுத்த படத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.

அவள் தலை நிமிர்ந்தாள்.

“அப்பா! உனக்கு நீச்சலே தெரியாதேப்பா!”

இரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. நெற்றி, மூக்கு, பதறித் திறந்த வாய் எல்லாவற்றிலும் வெயில். வேதகிரியின் ஆட்காட்டி விரல் பலகையின் ஓரத்தை ஒரு தரம் அழுத்தியது.

அஞ்சலை நீந்தி இருவருக்கும் நடுவே வந்தாள்.

“கேமராவத் தண்ணி படாம எடுத்தாரட்டாண்ணே?”

“கொஞ்சம் தள்ளிக்குங்க மாஸ்டர்” என்றார் வேதகிரி. “அவ முகத்துல நிழல் விழுது.”