கூரைமேல் பித்தளைப் பலகை

இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. எங்கள் திருப்பூர் ரிமோட் வண்டிச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். மேடுபள்ளத்தில் ஓடுகிற என் குட்டி லாரியின் கூரைமேல், ‘தலைவர் சென்னியப்பன்’ என்று கனமான பித்தளைப் பலகை ஒன்றைப் பொருத்தியிருந்தேன்.

லாரி வளைவுக்கு வளைவு குட்டிக்கரணம் போட்டது. பழியைச் சங்கத்து மெக்கானிக் மரகதத்தின் தலையில் போட்டேன். ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். ஷாக் அப்சார்பரில் கெட்டி எண்ணெய் ஊற்றச் சொன்னேன், ஊற்றினாள். அப்புறமும் கவிழ்ந்தது.

“மேல பாரம் அதிகமுங்க. பலகையைக் கழட்டிரலாமுங்க,” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் என் பெயராயிற்றே. போட்டியன்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“பலகை வண்டியிலதான் இருக்கும். வண்டியும் கவிழக் கூடாது. முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“பலகை வண்டியில இருந்தாப் போதுமுங்களா?”

“போதும்.”

கால்மணி நேரத்தில் லாரியைக் கொண்டுவந்து பந்தயம் தொடங்கும் கோட்டில் வைத்தாள். கூரை மொட்டையாக இருந்தது.

“என் பேரு எங்கே?”

“அடியில திருகி வச்சிருக்கேனுங்க. பாரம் கீழ போயிருச்சு, இனிக் கவிழாதுங்க.”

“அங்கே இருந்தா யாருக்குத் தெரியும்?”

“கவிழ்ந்தா எல்லாருக்கும் தெரியுமுங்க.”

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் கொடி அசைந்துவிட்டது. பத்துச் சுற்றும், என் பெயரை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.