காக்கா என்ற சொல் கரையேறிய கதை

மற்ற உயிர்களெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காக்கை மட்டும் வாய் திறந்ததில்லை. கூச்சமெல்லாம் இல்லை. சத்தம் போட்டால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் தீனி குறையும், அவ்வளவுதான். குரல் இல்லாததால் அதற்குப் பெயரும் இல்லை. "அந்தக் கறுப்பு" என்பார்கள்.

கரை தெரியாத கடலில் வழி பார்க்க, கப்பல்களில் அதைக் கூண்டில் கொண்டுபோவது வழக்கம். திறந்துவிட்டால் கரை இருக்கும் பக்கம் பறக்கும். கப்பல் அதன் பின்னாலேயே போகும். அப்படி ஒரு சின்னக் கப்பலில் நாலு பேர் இருந்தார்கள். தலைவன் கீழக்கரை மீராசா. அவரைத் தண்டல் என்பார்கள். ஹர்ஜி குஜராத்துக்காரன். தாமா தெற்கே வெகு தொலைவில் ஒரு தீவைச் சேர்ந்தவன். சமையல்காரன் முத்திருளன் நம் பக்கத்து ஆள். அதற்காக அவனை நான் உயர்த்திச் சொல்லப் போவதில்லை.

கப்பலைப் பனி மூடிக்கொண்டது. எத்தனை நாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். குடிநீர் அடியைத் தொட்டது. அரிசி ஒரு பிடி மிஞ்சியது. ஆனாலும் மூன்று பேர் தங்கள் சோற்றில் ஆளுக்குக் கொஞ்சம் கூண்டுக்குள் போட்டுவந்தார்கள். முத்திருளன் போட்டதில்லை. அவன் கத்தியைத் தீட்டினான்.

"தண்டலு, இதை அறுத்துக் கொதிக்க வச்சா ஒரு நேரம் தாக்குப் பிடிக்கலாம்" என்றான்.

"வழி பார்க்க வச்சிருக்கிற பறவைடா."

"இந்தப் பனியில அது எந்தப் பக்கம் போவுதுன்னு எப்படித் தெரியும்? ஊமைப் பறவை. கரையைக் கண்டா தின்னுட்டு அங்கேயே கெடக்கும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் மீராசா கூண்டைத் திறந்துவிட்டார். பறவை பனிக்குள் போய் மறைந்தது.

அது கரையைக் கண்டுபிடித்துவிட்டது. மணலில் அலை ஒதுக்கிய மீன் குவிந்து கிடந்தது. அலகைத் தாழ்த்தியது. அப்போது கூண்டுக்குள் நீண்ட மூன்று கைகள் நினைவுக்கு வந்தன. பசியில் அதற்கு அழுகையே வந்தது. இருந்தும் மீனைத் தொடாமல், முதல்முறையாக வாயைத் திறந்தது.

"கா! கா! காக்கா!"

கடற்புறாக்கள் பறந்து வந்தன. "யாரைக் கூப்பிடுறே?" என்றது ஒன்று.

"என் ஆளுங்களை."

"உன் இனமா?"

"இல்லை. பசியோட இருக்கிறவங்க."

கடற்புறாக்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே மீனையெல்லாம் தின்று தீர்த்தன. காக்கை அதைப் பார்த்தபடியே தொண்டை கரகரத்துப் போகும்வரை கத்தியது.

கப்பலில் அதை முதலில் கேட்டது முத்திருளன்தான். "தண்டலு, கூப்பிடுது!" என்று துடுப்பை எடுத்தவன், கரை தட்டும்வரை கீழே வைக்கவில்லை.

கரையில் ஊற்றுநீர் இருந்தது. நாலு பேரும் பிழைத்தார்கள். காக்கை மட்டும் வெறும் மணலில் நின்றுகொண்டிருந்தது.

"முன்னால போய் வழி பார்த்துக் கூப்பிட்டவர் அண்ணன் இல்லாம யாரு?" என்றார் மீராசா. தன் ஊரில் அண்ணன்மாரைக் காக்கா என்று அழைக்கப் பழக்கினார். அப்பா போன பிறகு ஹர்ஜியை வளர்த்தவர் அவனுடைய சித்தப்பா. தான் தின்னாமல் அவனுக்கு ஊட்டியவர். ஹர்ஜி அவருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தான். தாமாவின் தீவில் காக்கையே கிடையாது. சொல் மறந்துவிடக் கூடாதே என்று, காட்டில் கத்தித் திரியும் பழுப்புக் கிளிக்கு அதைப் பெயராக வைத்தான்.

முத்திருளன் என்ன செய்வான்? கத்தி தீட்டியவன் எந்த முகத்தோடு உறவு சொல்வான்? சொல்லை அந்தப் பறவைக்கே பெயராக விட்டுவிட்டான். மிஞ்சிய ஒரு பிடி அரிசியை அந்தக் கரையிலேயே வடித்து, யாரும் வாயில் வைக்குமுன் முதல் கவளத்தை மணலில் வைத்தான். தள்ளி நின்று, "கா... கா..." என்று கூப்பிட்டான். அது வந்து தின்ற பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கியது.

அந்த மதியத்திலிருந்துதான் ஒரே சொல் ஓர் ஊரில் அண்ணனாகவும், ஓர் ஊரில் சித்தப்பாவாகவும், ஒரு தீவில் கிளியாகவும் இருக்கிறது. நாம் மட்டும் உறவு சொல்லாமல், சாப்பிடும் முன் ஒரு பிடி சோற்றை வெளியே வைத்துவிட்டு, அது வரும்வரை காத்து நிற்கிறோம்.