அம்பலவாணன் காத்த தட்டு

“அம்மா, தட்டு சுத்துது. ஆனால் படம் வரமாட்டேங்குது.”

அம்பலவாணன் குனிந்திருந்த தலையை நிமிர்த்திச் சொன்னார். அறுபத்து மூன்று வயது அவருக்கு. தொலைபேசி இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் கம்பிகளோடு கிடந்து ஓய்வு பெற்றவர். ஒரு டிவிடி பிளேயர் தன்னை இப்படி வியர்க்க வைக்கும் என்று நினைத்ததில்லை.

தவமணி அம்மை பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அம்பலவாணனுக்குக் குரு என்றாலும் அவருக்கு நாற்பத்தைந்து வயதுதான். மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அதற்குப் பிறகு மடியில் ஒரு சிலேட்டு.

பவானிக்குப் பக்கத்தில், காவிரியைப் பார்த்த ஓட்டு வீடு அது. ஒரு காலத்தில் அம்மை பேசுவதைக் கேட்கக் கூட்டம் வாசல்வரை உட்கார்ந்திருக்கும். அந்தப் பேச்சுகளில் ஒன்றைத்தான் அம்பலவாணன் படம் பிடித்திருந்தார். பிள்ளையை இழந்தவர்களுக்காக அம்மை பேசியது. கேசட்டில் பூஞ்சை பிடித்த பின், மிஞ்சியது இந்த ஒரு தட்டுதான்.

அதை அவர் காத்த மாதிரி யாரும் காத்திருக்க முடியாது. பிளேயர்மேல் ஒரு காகிதம்கூட வைக்க விடமாட்டார். வெயில் படாத இடம், தூசிக்குத் துணியுறை. தட்டை ஓரத்தில் மட்டும் பிடிப்பார். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைப்பார். வட்டமாகத் துடைத்தால் கீறும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

இன்றைக்கு டிவியில் வெறும் நீலத் திரை.

அதன் முன்னால் பாவாயி உட்கார்ந்திருந்தாள். அந்தியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். ஆடி மாதம் அவளுடைய மகளை வாய்க்கால் கொண்டுபோய்விட்டது.

“பக்கத்து ஊட்டு அக்கா இங்க வந்து கேட்டுட்டுப் போயித்தானுங்க சோறு தின்னுச்சு,” என்று வந்ததுமே சொல்லியிருந்தாள். “எனக்கும் அதையப் போட்டுக் காட்டுங்க. இன்னிக்கோட நாப்பது நாளாச்சு.”

அவள் கழுத்து எலும்பைப் பார்த்தால் தெரிந்தது, அவள் சோற்றை எப்படித் தின்கிறாள் என்று.

அம்பலவாணன் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். தட்டை எடுத்தார், வைத்தார். உள்ளே அது சீறிக்கொண்டு சுற்றியது. பிறகு நின்றது. தட்டே இல்லை என்றது பிளேயர்.

“ஆகுமுங்களா?” என்றாள் பாவாயி.

“ஆகும், தாயி. ஒரு நிமிஷம்.”

நாலாவது தடவை தட்டை வெளியே எடுத்தபோது மெத்தென்ற துணி எங்கே என்று தேடவில்லை. வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தார். சுற்றிச் சுற்றி.

வெளிச்சத்தில் பிடித்தார். பிறை மாதிரி ஒரு கீறல்.

மெதுவாகத் திரும்பினார். அம்மை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

“அம்மா, போச்சு,” என்றார். “நீங்க எழுதுங்க. அன்னைக்குப் பேசினதை எழுதுங்க. இவங்களுக்கு நான் படிச்சுக் காட்டறேன்.”

அம்மை சிலேட்டில் ஒரே வரி எழுதினார்.

‘அன்று எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?’

“முன்னாலேயே, அம்மா. உங்களுக்கு நேர் எதிரே.”

அம்மை அந்த வரியை அழித்தார். சிலேட்டையும் பலப்பத்தையும் அவர் கையில் கொடுத்தார்.

அம்பலவாணன் வாங்கிக்கொண்டார். யோசித்தார். கேமராவில் எரிந்த சிவப்பு விளக்கு நினைவுக்கு வந்தது. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியது நினைவுக்கு வந்தது. விசிறிச் சத்தம் பதிவாகிறதே என்று எழுந்துபோய் அதை நிறுத்தியதும், யாரோ இருமியபோது திரும்பி முறைத்ததும் நினைவுக்கு வந்தன.

அம்மையின் உதடுகள் அசைந்ததும் தெரிந்தது. என்ன சொன்னார்?

பலப்பம் சிலேட்டைத் தொட்டபடி நின்றது.

அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு அந்தத் தட்டைப் போட்டுக் காட்டியிருப்பார். ஒவ்வொரு முறையும் பிளேயர் பக்கத்தில் நின்று, அது சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவாயி அவர் கையையே பார்த்தாள். “எளுதீட்டீங்களா?”

வாசலில் பஸ் ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போனது. அம்மை உதவிக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அம்பலவாணன் சிலேட்டைக் கீழே வைத்தார்.

“தாயி, பொய் சொல்ல வாய் வரலை. அன்னைக்கு இங்கதான் இருந்தேன். ஆனால் ஒரு வார்த்தைகூட நான் கேட்கலை.”

பாவாயி கோபப்படவில்லை. நாற்பது நாளில் அவளிடம் இப்படி யாரும் உள்ளதைச் சொன்னதில்லை. ஊரில் எல்லாரும் ஆறுதல்தான் சொன்னார்கள்.

“அன்னிக்குக் கேக்காட்டிப் போகட்டுங்க,” என்றாள். “இப்பக் கேப்பீங்களா?”

அம்பலவாணன் பிளேயரை அணைத்தார். வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அவ பேரு தர்ஷிணிங்க,” என்றாள் பாவாயி.