எர்த் கொடுக்காத பெட்டி

"ஒரே ஒரு பொய் எழுதினா இந்தப் பயிற்சி நிலையம் பிழைச்சிடும். அது தப்பா மேடம்?"

மாசானம் கேட்டார்.

முதல்வர் ரஹமத் நிஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

மாசானத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முதல்வர் அவரைவிட ரொம்பவே இளையவர். மாசானம் ஆலையில் வயர்மேனாக இருந்தவர். தொழில் தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியாது. இங்கே பயிற்றுநராக வந்த புதிதில் வகுப்பு முழுக்கத் திட்டிக்கொண்டே இருப்பார். பாடம் நடத்துவது எப்படி என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தவர் இந்த அம்மாதான். அன்றிலிருந்து எந்தச் சிக்கல் என்றாலும் இங்கே வந்துதான் நிற்பார்.

இன்றைய சிக்கல் பெரிது.

கல்லூரியைப் பாதியில் விட்டவர்களுக்கு அரசு செலவில் மின்பணிப் பயிற்சி தரும் இடம் இது. தேறினால் வேலைக்கு வழி உண்டு. விட்டுப்போன படிப்பை முடிக்கிற செலவையும் அரசே ஏற்கும். ஆனால் முக்கால்வாசிப் பேராவது தேற வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் நிதி கிடையாது.

ஒரே ஒரு ஆள் குறைந்தது.

"ஜெபக்கனி மத்ததெல்லாம் சுத்தமாச் செஞ்சிருக்கா மேடம். எர்த் கம்பியை மட்டும் விட்டுட்டா. பாவம், கடைசி வருஷப் படிப்பு அப்படியே கிடக்கு. நாம பூட்டிட்டா அடுத்து வரப்போற பிள்ளைகள் எங்கே போகும்? ரிசல்ட் பார்க்க மதியம் ஆபீசர் வந்துடுவார்."

"அவ செஞ்ச பெட்டி எங்கே?"

"பட்டறையில."

"வாங்க."

பட்டறைச் சுவரோரம் பயிற்சிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஜெபக்கனி துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

மேசைமேல் அவள் வயரிங் செய்த இரும்புப் பெட்டி. உள்ளே தேர்வுக்கென்றே தோலுரித்து வைத்த ஒரு கம்பி பெட்டியை உரசிக்கொண்டிருந்தது. மின்சாரம் வந்தால் பெட்டி முழுக்கப் பாயும். அதை மண்ணுக்குக் கொண்டுபோகத்தான் எர்த் கம்பி. அதுதான் இல்லை.

ரஹமத் நிஷா பெட்டியின் பிளக்கைச் சுவரில் செருகினார். சுவிட்சைத் தட்டினார்.

"இந்த வேலை சரின்னு எழுதப் போறீங்க. இல்லையா சார்?"

"ஆமா மேடம்."

"எந்தக் கையால?"

மாசானம் வலது கையைப் பார்த்தார்.

"அந்தக் கையைப் பெட்டிமேல வைங்க. அப்புறம் எழுதுங்க."

மேடம் விளையாடுகிற ஆள் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் மாசானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் ஒரு வீம்பு வந்தது. நான் எனக்காகவா கேட்டேன்? இவர்களுக்காகத்தானே கேட்டேன்? ஷாக் அடித்தால் அடிக்கட்டும்.

கையை நீட்டினார். பெட்டிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. பிறகு அதுவும் குறைந்தது.

"சார், தொடாதீங்க!"

ஜெபக்கனி பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

"எர்த் கொடுக்கல சார். நான்... நான் ஃபெயில் சார்."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மாசானம் கையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் சுவரைப் பார்த்தார். மெயின் சுவிட்ச் இறக்கியே இருந்தது.

"கரண்டே இல்லையே மேடம்!"

"அது அவளுக்குத் தெரியாதே சார்."

வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

அதிகாரி நல்ல மனிதர். கொடுத்த மோரைக் குடித்தார். பிள்ளைகளின் பேரைக் கேட்டார். பிறகு மாசானம் சொன்ன கணக்கைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஒரு ஆள் குறையுதே. இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. நான் காத்திருக்கேன். அவசரமில்ல."

அவர் என்ன சொல்கிறார் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

மாசானம் முதல்வரைப் பார்த்தார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"பார்த்தாச்சு சார்" என்றார் மாசானம்.

"அப்ப நிதிக்கு நான் பொறுப்பில்ல."

"சரி சார்."

ஜீப் போய்விட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஜெபக்கனி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தலையைக் குனிந்தபடி வெளியேறினாள்.

மாசானத்துக்கு அடக்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை மேடம். அவரே வழி காட்டினார். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த இடம் நின்னிருக்கும். இப்ப எல்லாம் போச்சு!"

"ஆமா."

"இவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

ரஹமத் நிஷா அந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார். தோலுரிந்த கம்பியை விரலால் நிமிர்த்திவிட்டார்.

"இதுக்கு எர்த் கொடுக்க நாளைக்கு ஜெபக்கனியை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கீங்க?"

மாசானம் அவளை வரச் சொல்லவே இல்லை.

செருப்பைக்கூட மாட்டாமல், அவளைப் பிடிக்கப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து ஓடினார்.