குப்புலிங்கத்தின் கோணல் ஸ்டியரிங்

எங்கள் மடத்துக் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. பெண்மணி. சீடர்களில் பாதிப் பேர் அவருக்குச் சித்தப்பா வயசுக்காரர்கள், ஆனாலும் எல்லோரும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அங்கே சமையல். கேள்வி கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் சோறு வடித்துப் போட்டே எனக்கு அலுத்துவிட்டது. கேள்வி என்னவோ ஒன்றுதான், ஆள்தான் மாறுகிறது.

அன்று மத்தியானம் குப்புலிங்கம் வந்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். காரை விட்டு இறங்கியவர் கதவைக்கூடச் சாத்தவில்லை, நேரே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மனுஷன் ஓய்ந்துபோயிருந்தார்.

அவர் கதை எனக்கும் தெரியும். மனைவி வேதவல்லிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், போளூரிலிருந்து வேலூருக்கு. மூன்று வருஷமாக இவர்தான் ஓட்டிக்கொண்டு போகிறார். ஓட்டுவது மட்டுமா? சமையல் இவர், துணி துவைப்பது இவர், மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் இவர். அந்த அம்மாள் ஒரு தம்ளரைத் தூக்கினால்கூட ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார். “நீ சும்மா இரு” என்பதுதான் அந்த வீட்டில் அதிகம் கேட்கிற வார்த்தை.

இப்போது வேதவல்லி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நாளைக்கு மட்டுமில்லை, இனிமேலே வரமாட்டாராம். நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். குப்புலிங்கம் கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், பெங்களூரில் இருக்கிற மகளைப் போனில் பேசவைத்தார். வேதவல்லி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

“என்னதான் சொல்றாங்க?” என்று குரு கேட்டார்.

“மூட்டையை ஏத்தி இறக்குற மாதிரி இன்னும் எத்தனை நாளைக்கு ஏத்தி இறக்குவீங்கன்னு கேக்கறா. நான் ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கேனாம்மா? அவளுக்கு என்ன சொல்லிப் புரியவைக்கறது?”

திறந்து கிடந்த கார்க் கதவைச் சாத்தப் போன குரு, உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். மடத்து ஜீப்பைப் பழுது பார்ப்பது அவர்தான், வண்டி என்றால் கை சும்மா இருக்காது. குப்புலிங்கத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இந்த மனுஷன் கேட்டது என்ன, இவர் செய்வது என்ன என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

“வண்டி நேராப் போகுது. ஸ்டியரிங் மட்டும் வலது பக்கமா சாஞ்சு நிக்குது” என்றார் குரு, இறங்கியதும்.

போன ஞாயிற்றுக்கிழமை டைராடை மாற்றினாராம் குப்புலிங்கம். முன்சக்கரத்தை ஸ்டியரிங்கோடு சேர்க்கிற கம்பி அது. மெக்கானிக்கிடம் விட்டால் இரண்டு நாள் ஆகும், மறுநாளே ஆஸ்பத்திரி போயாக வேண்டும். அதனால் போனில் வீடியோ பார்த்துத் தானே மாற்றிவிட்டார். பழைய கம்பியில் மரை எத்தனை சுற்று என்று எண்ணித்தான் மாட்டினாராம், அப்படியும் கோணல். பேசாமல் ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக வைத்து மாட்டிவிடலாமா என்று கேட்டார்.

“கையில பிடிக்கறது நேராயிடும். கீழ இருக்கறது?”

குப்புலிங்கம் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்.

“நீங்க கீழ படுத்து முறுக்கினப்ப, மேல ஸ்டியரிங்கை யார் பிடிச்சிருந்தாங்க?”

“யாரும் இல்லம்மா. எல்லா வேலையும் மாதிரி இதையும் தனியாத்தான் செஞ்சேன்.”

சமையல்காரன் எனக்கே அது புரிந்துவிட்டது. கீழே சக்கரத்தை அசைக்க அசைக்க, மேலே ஸ்டியரிங் தன்பாட்டுக்குத் திரும்பியிருக்கும். கீழே படுத்திருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

“இன்னிக்குச் சாயங்காலமே திரும்பப் பண்ணுங்க. ஒருத்தர் உள்ள உட்கார்ந்து நேராப் பிடிச்சுக்கணும்” என்றார் குரு.

பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார் குப்புலிங்கம்.

“உங்க வீட்ல ஆள் இல்லையா?”

குப்புலிங்கம் பதறிப்போனார். வேதவல்லியால் எப்படி முடியும், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறதே என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இடது கையிலதாம்மா டயாலிசிஸ் ஊசி போடறாங்க. அந்தக் கையால எதையும் அழுத்திப் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

குரு கார்ச் சாவியை அவரிடம் கொடுத்தார்.

“ஒரு கை போதும்.”