பரஞ்சோதியின் முதுகு

பச்சைமலை அடிவாரத்தில் ஒரு தியான இல்லம் இருந்தது. அதை நடத்திவந்தவர் மங்களாம்பிகை. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். எல்லோருக்கும் மூத்தவர் பரஞ்சோதி. நெடுந்தூரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, மீதி நாளை அமைதியாகக் கழிக்கலாம் என்று இங்கே வந்து சேர்ந்தவர்.

ஒருநாள் காலை, சமையலறையில் கேஸ் சிலிண்டரைத் தனி ஆளாகத் தூக்கினார். இடுப்பில் ஏதோ சுளீரென்றது. பிட்டத்திலிருந்து இடது கால் விரல்வரை நெருப்புக் கம்பியை இழுத்ததுபோல் ஒரு வலி ஓடியது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போய்ப் படுத்தார்.

மங்களாம்பிகை வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். பரஞ்சோதி தன் வலியைச் சொல்லத் தொடங்கினார். அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். தூக்க முடிந்தது. சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா என்றும் கேட்டார். அப்படி எதுவும் இல்லை.

"நல்லது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நீங்க ஒரு ஆசனம் சொல்லிக் கொடுத்தா போதாதாம்மா?"

"டாக்டருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது."

டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் வைத்து நிதானமாக விளக்கினார். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு விலகி எங்கும் போய்விடவில்லை. அதன் உள்ளே இருக்கும் கூழ் கொஞ்சம் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் வலி அடங்கிவிடும். பிதுங்கியதை உடம்பே கரைத்துக்கொள்வதும் உண்டு. வலியே இல்லாதவர்களுக்கும் படத்தில் இப்படித் தெரிவதுண்டு. மாத்திரை சாப்பிடலாம், பயிற்சி செய்யலாம், முக்கியமாக நடக்க வேண்டும். கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் கட்டினாலோ அந்த நிமிடமே வரவேண்டும், அப்போது ஆபரேஷன்தான். அடங்காமல் வலி நீடித்தாலும் அதைப் பற்றிப் பேசலாம்.

பரஞ்சோதியின் காதில் விழுந்தது 'பிதுங்கி' என்ற ஒரு சொல்தான். இல்லத்துக்குத் திரும்பியதும் மறுபடி படுத்துக்கொண்டார். திரும்பிப் படுத்தால் கூழ் இன்னும் வெளியே வந்துவிடும் என்று பயந்து மல்லாந்தே கிடந்தார். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒரு தும்மலுக்கே இடுப்பில் கத்தி இறங்கியது.

பக்கத்து அறை சிவக்கொழுந்து, தங்கள் ஊர் வைத்தியர் ஒரே இழுப்பில் ஜவ்வை உள்ளே தள்ளிவிடுவார் என்றார். மைத்துனர் போனில், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்றார். பரஞ்சோதிக்குத் தூக்கம் போனது. சக்கர நாற்காலியில் யாரோ தன்னைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் கண்ணை மூடினாலே தெரிந்தது. நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த மனிதருக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

மங்களாம்பிகை வந்தபோது பரஞ்சோதி கேட்டார்.

"யார் சொல்றது சரிம்மா? இழுக்கிறதா, வெட்டுறதா, சும்மா கிடக்கிறதா?"

"சும்மா கிடங்கன்னு யார் சொன்னா?"

"வலிக்குதே."

"வலிக்கும். இழுக்கவேண்டாம். கால் கட்டைவிரல் தூக்க வராம தொங்கினா நானே வண்டி கூப்பிடுறேன், அன்னைக்கு வெட்டிக்கலாம். இப்போ எழுந்திருங்க."

"நடந்தா நரம்பு நசுங்கிடாதா?"

மங்களாம்பிகை கையை நீட்டினார். பரஞ்சோதி ஒருக்களித்து, கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். இருவரும் வாசல்வரை போனார்கள். அவர் நின்ற இடத்தில் மங்களாம்பிகையும் நின்றார். அவசரப்படுத்தவில்லை, தைரியம் சொல்லவும் இல்லை. திரும்பி வந்து படுத்தபோது வலி முன்பிருந்த அளவுதான் இருந்தது. கூடவில்லை. அது பரஞ்சோதிக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் புளியமரம்வரை. பிறகு கிணற்றடிவரை. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், குப்புறப் படுத்து மார்பை மட்டும் மெல்லத் தூக்கும் விதத்தைக் காட்டினாள். அதையும் செய்தார். சில நாட்கள் வலி திரும்பி வந்து ஆட்டிவைத்தது. அன்றைக்குக் கொஞ்சம் குறைவாக நடந்தார், நடக்காமல் இருக்கவில்லை. விரலில் இருந்த எரிச்சல் முழங்காலுக்கு ஏறியது, பிறகு தொடைக்கு, பிறகு இடுப்பில் ஒரு மூலையில் போய் ஒடுங்கியது.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள், சமையலறையில் மிளகாய் வறுத்த நெடி முற்றத்தில் நின்ற அவர்மேல் அடித்தது. மூக்கைப் பொத்துவதற்குள் பலமாகத் தும்மிவிட்டார். கத்தி இறங்கும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

இறங்கவில்லை.

இன்னொரு தும்மல் வந்தது. இந்தத் தடவை அதைத் தடுக்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, மிளகாயாலா வேறெதனாலா என்று அவருக்கே தெரியவில்லை. நேரே மங்களாம்பிகையிடம் போனார். அவர் தோட்டத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வலி போய்விட்டது என்பதை மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். மங்களாம்பிகை சிரித்தார். அவருடைய தோள்களும் தளர்ந்தன. இத்தனை நாளும் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது பரஞ்சோதிக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"ஆனா ஒண்ணும்மா. அந்தக் கூழ் உள்ளே போயிடுச்சா இல்லையான்னு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா?"

"போகலைன்னு படம் சொன்னா, மறுபடி படுத்துக்குவீங்களா?"

பரஞ்சோதி கிணற்றடிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.