இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்

கோணமேடு என்று ஓர் ஊர். அங்கே பஸ் நிற்கும், ஆள் இறங்கும். புத்தி மட்டும் இறங்காமல் அதே பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்த ஊரில் ஒரு கபடிக் குழு இருந்தது. ஏழு பேர். ஏழு பேர் மூளையையும் ஒரே சட்டியில் போட்டு வதக்கினால் ஒரு ஆளுக்குக் காணுமா என்றால், காணாது. பொய் சொல்லக் கூடாது பாருங்கள்.

குழுவுக்குத் தலைவன் ஊர்க்காவலன். அவன் தாடையைச் சொறிந்தால் மற்ற ஆறு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அண்ணன் யோசிக்கிறார் என்று அர்த்தமாம். பெரும்பாலும் அது கொசுக்கடிதான்.

மூன்று வருஷமாக இந்தக் குழு ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்: "இந்த வருஷம் ஒரு ஆட்டமாவது ஜெயிங்க. இல்லேன்னா மைதானம் கைப்பந்து ஆடுற பொம்பளப் பிள்ளைகளுக்கு." அந்தப் பிள்ளைகள் வீட்டில் இருந்ததைத் தின்றுவிட்டு ஏற்கெனவே மூன்று கோப்பை கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஊர்க்காவலனுக்கோ அந்த மைதானம்தான் உயிர். முன்பல்லை அங்கேதான் விட்டிருக்கிறான்.

ஆகவே ஏழு பேரும் டவுனுக்குப் போய், ஒரு உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். அவர் ஒரு தாளை நீட்டினார். 'விளையாட்டு வீரர்களுக்கு எளிய பேலியோ சமையல்' என்று போட்டிருந்தது. பேலியோ என்றால் விவசாயம் வருவதற்கு முன்னால் ஆதி மனிதன் தின்ற சாப்பாடு: கறி, முட்டை, மீன், கீரை, தேங்காய்.

"எழுதினபடி செய்யுங்க. உங்க சொந்த மூளையைப் போடாதீங்க" என்றார் மாஸ்டர். அவர் அப்படிச் சொன்னதில் குழுவுக்கு ஏக நிம்மதி.

தாளைப் படிக்கும் பொறுப்பு வெள்ளத்துரைக்கு. ஏழு பேரில் எழுத்துக்கூட்டாமல் படிக்கிறவன் அவன்தான். சமைக்கும் பொறுப்பு, அவளை ஒரு வார்த்தை கேட்காமலே, ஊர்க்காவலன் மனைவி வடிவுக்கு.

முதல் வரி: இறைச்சி, அவரவர் உள்ளங்கை அளவு.

ஏழு பேரும் கோழிக்கடைக்குப் போய், கறி வெட்டும் கட்டைமேல் வரிசையாகக் கையை விரித்து வைத்தார்கள்.

"எதுக்குடே?" என்றார் கடைக்காரர்.

"அளவுக்கு" என்றான் ஊர்க்காவலன். "கை பக்கத்துல கோழியை வச்சு ஒட்டினாப்புல வெட்டுங்க. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைக் கழுவி, அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டார். அவருக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது.

இரண்டாவது வரி: அரிசிச் சோறு இனி உங்கள் கண்ணில் படவே கூடாது.

இதில்தான் சுடலைமணி கலங்கிப்போனான். குழுவிலேயே பெரிய உடம்பு அவனுக்கு. "அண்ணே, சோறு இல்லாம என்னால கபடி பாடிப் போக முடியாது. மூச்சு பாதியிலயே வீட்டுக்குத் திரும்பிரும்."

ஊர்க்காவலன் தாடையைச் சொறிந்தான். ஆறு பேரும் அமைதியானார்கள்.

"வெள்ளத்துரை, திங்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

"இல்லண்ணே. கண்ணுல படக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு."

"அவ்வளவுதான். எழுதினதுக்கு மேல நாம போகக் கூடாது."

அன்று மத்தியானம் வடிவு குழம்புச் சட்டியோடு வெளியே வந்து பார்த்தால், ஏழு தடியன்கள் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, இலையைத் தடவித் தடவிச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். சுடலைமணி பக்கத்து இலையில் கைவைத்துவிட்டு, "யாருதுன்னு தெரியலயே" என்று சொல்லிச் சொல்லித் தின்றான்.

"ஆதி மனுசன் இப்படித்தான் தின்னானாக்கும்?" என்றாள் வடிவு.

"பேசாம ஊத்து. கட்டுப்பாடா இருக்கோம்" என்றான் ஊர்க்காவலன், குழம்பு வந்த வாசனைப் பக்கமாகத் திரும்பி.

வடிவு ஊற்றினாள். பாதி இலையில் விழுந்தது.

போட்டி நாள் வந்தது. எழுபது கிலோவுக்கு உட்பட்டவர்கள் ஆட்டம். களத்தில் இறங்குமுன் எடை பார்ப்பார்கள். ஊர்க்காவலன் விடிந்ததும் ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்த்தான், அறுபத்தொன்பதரை. மற்றவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆட்டம் காலை பத்து மணிக்கு.

வெள்ளத்துரை கடைசி வரியைப் படித்தான். "ஆட்டத்துக்குச் சரியாக இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் சாப்பிட வேண்டும். மூன்று முட்டை, தேங்காய் எண்ணெயில் வறுத்த கோழி, கீரைப் பொரியல், தேங்காய்ச் சில்லு."

மைதானத்து ஓரத்தில் வடிவு அடுப்பு மூட்டினாள். சரியாக எட்டு மணிக்கு ஏழு பேரும் சாப்பிட்டார்கள். கோழி நன்றாக வந்திருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

ஒன்பதே முக்காலுக்கு மைக்கில் சொன்னார்கள்: சிறப்பு விருந்தினர் வர நேரமாகும், ஆட்டம் பன்னிரண்டு மணிக்கு.

ஊர்க்காவலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பன்னிரண்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னால எத்தனை?"

"பத்துண்ணே."

"இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு. வடிவு, முட்டையைப் போடு."

"இப்பத்தான தின்னீங்க?"

"அது பத்து மணி ஆட்டத்துக்குத் தின்னது. அந்த ஆட்டம்தான் நடக்கலியே."

பத்து மணிக்குத் தின்றார்கள். விருந்தினர் வரவில்லை. ஆட்டம் இரண்டு மணிக்கு என்றார்கள், பன்னிரண்டுக்குத் தின்றார்கள். அப்புறம் நாலு மணிக்கு என்றார்கள். இரண்டு மணிக்குத் தின்றார்கள். அதில் சுடலைமணி படுத்துக்கொண்டே தின்றான். எதிர் அணி மேலக்காட்டுப் பையன்கள் காலையில் குடித்த பழையசோற்று நீச்சத்தண்ணியோடு வேப்பமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பிள்ளைகளைப் பாருங்க" என்றாள் வடிவு.

"பாவம், தாள் கிடைக்கல" என்றான் ஊர்க்காவலன்.

மூன்றரைக்கு விருந்தினர் வந்தார்; இரண்டு வார்த்தை பேசினார்; போய்விட்டார். நடுவர் தங்கையா, ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார், எடைமேடையைக் கொண்டுவந்து வைத்தார். ஊர்க்காவலன் ஏறினான். எழுபத்திமூன்று. வெள்ளத்துரை, எழுபத்திமூன்றுக்குச் சொச்சம். சுடலைமணி ஏறியதை எழுதவே வேண்டாம்.

"ஆடக் கூடாது. இறங்கு" என்றார் தங்கையா.

ஊர்க்காவலனுக்கு மைதானம் ஒருமுறை சுற்றி வந்து நின்றது. அந்தப் பக்கம் கைப்பந்துப் பிள்ளைகள் வலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் தாடையைச் சொறிந்தான். இந்தத் தடவை கொசு இல்லை.

"ஐயா, இது எங்க எடை இல்ல. சாப்பாட்டோட எடை. நாங்க சும்மா சுமந்துக்கிட்டு இருக்கோம்."

"சுமந்துக்கிட்டு?"

"ஆமா. ஒரு வேளைத் தட்டை நிறுத்துப் பாருங்க. நாலு வேளை தின்னிருக்கோம். நாலால பெருக்கி எங்க எடையில கழிச்சிருங்க."

வெள்ளத்துரையின் கண்ணில் நீர் வந்துவிட்டது. இப்படி ஒரு அறிவாளிக்குப் பக்கத்தில் நிற்கிறோமே என்று.

தங்கையா வாத்தியார் காலையிலிருந்து வெயிலில் நின்றவர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். இது எதுவரை போகும் என்று பார்க்க அவருக்கே ஆசை வந்துவிட்டது. "சரி, கொண்டாங்க தட்டை. அதுவரைக்கும் சின்னப் பையன்கள் ஆட்டத்தை முன்னால விட்டுடறேன்."

வடிவு மிச்சமிருந்த முட்டையையும் கோழியையும் போட்டு, மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே, ஏழு தட்டு வைத்தாள். ஒரு தட்டு எடைமேடையில் ஏறியது. தங்கையா குனிந்து பார்க்குமுன், எழுதுவதற்குக் கண்ணாடி வேண்டுமென்று மேசைக்குப் போனார். அப்போதுதான் மைக்கில் சொன்னார்கள்: முதலில் சின்னப் பையன்கள் ஆட்டம், கோணமேடு ஆட்டம் ஆறு மணிக்கு.

ஊர்க்காவலன் கடிகாரத்தைப் பார்த்தான். சரியாக நாலு.

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் பசி இல்லை. ஆனால் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே.

தங்கையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தபோது எடைமேடையில் கழுவினாற்போல ஒரு வெறும் தட்டு இருந்தது. முள் சுழியத்தை விட்டு அசையவில்லை.

"சாப்பாடு எங்கடே?"

"உள்ள இருக்குய்யா. இப்ப அஞ்சு வேளை ஆயிப்போச்சு. அஞ்சால பெருக்கணும்."

"சாப்பாட்டு எடை சுழியம். அஞ்சால பெருக்கினாலும் சுழியம். எழுபத்திமூணுல சுழியம் போனா?"

ஏழு பேரும் யோசித்தார்கள். விரல்விட்டும் பார்த்தார்கள். சுழியத்துக்கு எந்த விரல் என்று தெரியவில்லை.

"ஐயா, இன்னொரு தட்டு சமைச்சா..." என்று தொடங்கினான் ஊர்க்காவலன்.

தங்கையா பேனாவை மூடினார். ஏழு பேரும் நின்ற இடத்திலேயே சாய்ந்தார்கள். கைப்பந்துப் பிள்ளைகள் கம்பம் நட ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தி வந்து, "அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிக்கீங்களா, குழி தோண்டணும்" என்றாள். எழுந்திருக்க முடியாததால் ஏழு பேரும் உருண்டு வழிவிட்டார்கள்.

போகிறபோது ஊர்க்காவலன் ஒன்று மட்டும் கேட்டான்: "ஐயா, அடுத்த வருஷப் போட்டி என்னைக்கு?"

"இதே தேதி. காலைல பத்து மணி."

மறுநாள் மத்தியானம் வடிவு சாப்பிடக் கூப்பிட்டாள். ஊர்க்காவலன் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வேண்டாம். அடுத்த வருஷம் இதே தேதி காலைல எட்டு மணிக்குத்தான் சாப்பிடணும். சரியா ரெண்டு மணி நேரம் முன்னால. அதுக்கு முந்தி தின்னுதான் இந்தத் தடவை கெட்டோம்."

"சரி" என்றாள் வடிவு. தான் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, மிச்சச் சோற்றை மூடி வைத்தாள்.

அரை மணி நேரம் ஆனது. அடுப்படி நிலைப்படியில் யாரோ முட்டிக்கொள்ளும் சத்தம். கண்ணைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடவியபடி ஊர்க்காவலன் சோற்றுப் பானையை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

வடிவு எழுந்து, சத்தமில்லாமல் பானையை ஓரடி தள்ளி வைத்தாள்.